பெங்களூருச் சம்பளமும் ராஜபாளையத்து வீடும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஊர் மாறுவது பற்றியவை. மே மாதம் நெருங்கினாலே இப்படித்தான். பள்ளி திறப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு பேச்சு நடக்கும். வங்கி வேலை என்னை ஹூப்ளி, நாக்பூர், புவனேஸ்வர் என்று இழுத்தடித்தது உங்களுக்குத் தெரியும்; அதனால்தான் என்னிடம் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. முதல் கடிதத்துக்கு அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு ஃபிட்டர். மாதம் 19,800 ரூபாய். மாமனார் கட்டிய சொந்த வீடு. நான் வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைக்கிறேன், கைச்செலவுக்கு 7,000 வரும். மகள் அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழ் வழியில் 6-ஆம் வகுப்பு முடிக்கப்போகிறாள். மகன் 1-ஆம் வகுப்பு. மாமியாருக்குச் சர்க்கரை நோய். கணவருடன் ஐ.டி.ஐ. படித்த நண்பர் பெங்களூரு பொம்மசந்திராவில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறார். அங்கே 33,000 ரூபாய்க்கு வேலை தயார் என்கிறார். வாடகை 11,000, அட்வான்ஸ் 80,000 ஆகுமாம். ஜூனில் எல்லோரும் போய்விடலாம் என்று கணவர் சொல்கிறார். மாமியார் வர மறுக்கிறார். "பிள்ளைகளுக்கு நல்ல வாழ்க்கை வேண்டாமா?" என்று கணவர் கேட்டால் எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை. போகலாமா, வேண்டாமா?
— பெயர் வேண்டாம், ராஜபாளையம்

பதில்: இந்த ஜூனில் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போக வேண்டாம். கணவர் மட்டும் போகட்டும். அடுத்த ஆண்டு எல்லோரும் சேர்ந்திருக்கலாம் என்று தோன்றினால் ஓசூரில் வீடு பாருங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். இனிக் காரணங்கள்.

உங்கள் கணவர் 33,000-ஐயும் 19,800-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். வித்தியாசம் 13,200. ராஜபாளையத்தில் நீங்கள் வாடகையே கொடுப்பதில்லை. அங்கே 11,000 போய்விடும். மீதி 2,200. உங்கள் தையல் வருமானம் 7,000 நின்றுவிடும். அதை ஏன் "கைச்செலவுக்கு" என்று எழுதினீர்கள்? வீட்டின் மொத்த வருமானத்தில் அது கால் பங்குக்கு மேல். ஆகக்கூடி, அதிகச் சம்பளத்துக்குப் போய் மாதம் 4,800 ரூபாய் குறைவாக வாழப்போகிறீர்கள். அட்வான்ஸுக்கு வாங்கும் கடனின் வட்டி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான்கு பேர் ஊர் வந்து திரும்பும் பஸ் கட்டணம் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

"அங்கே போயும் தைப்பாளே" என்று கணவர் சொல்வார். தைக்கலாம். ஆனால் ஒருத்தி தன் அளவு ரவிக்கையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகிறாள் என்றால், போன முறை நீங்கள் தைத்தது அவளுக்குக் கச்சிதமாக இருந்தது என்று பொருள். அந்த நம்பிக்கையை மூட்டை கட்டி எடுத்துப்போக முடியாது. புதுத் தெருவில் முதல் ஆறு மாதம் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பதும் கிழிந்ததை ஒட்டுவதும்தான் வரும். பொம்மனஹள்ளிப் பக்கம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. தைக்கத் தெரிந்த பெண்ணுக்கு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வரும் சின்னவனுக்குக் கதவு திறக்க யார் இருப்பார்? இப்போது அவனுடைய பாட்டி திறக்கிறார். சம்பளக் கணக்குப் போடும் ஆண்கள் இந்த வரியை எழுதுவதே இல்லை.

இவ்வளவு சொன்னாலும், கணக்கு இடிக்கிறது என்பதற்காக மட்டும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டு ஆண்டுகள் கைநட்டப்பட்டும் போக வேண்டிய வேலைகள் உண்டு. நூற்பாலையில் ரிங் ஃப்ரேமையும் கார்டிங் இயந்திரத்தையும் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கும் ஒருவர், வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சி.என்.சி. இயந்திரமும் ஹைட்ராலிக்கும் பழகிவிட்டால், நாற்பது வயதில் அவருக்குக் கதவுகள் திறக்கும். உங்கள் கணவர் அதை மனத்தில் வைத்துத்தான் துடிக்கிறார் என்றால் அவரை மதிக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: நியமனக் கடிதம் யார் பெயரில் வரும்? தொழிற்சாலையின் பெயரிலா, ஆள் எடுத்துத் தரும் ஒப்பந்ததாரர் பெயரிலா? "வேலை தயார்" என்று நண்பர் சொல்வது பெரும்பாலும் இரண்டாவது வகையாக இருக்கும். ஒரே கூரையின் கீழ், ஒரே சீருடையில், ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவரை நாளை காலை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம், இன்னொருவரைச் சொல்ல முடியாது. 33,000 என்பது மிகுதிநேர வேலையும் சேர்த்தா, சேர்க்காமலா? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? பி.எஃப். எதன் மேல் பிடிப்பார்கள்? காகிதம் கையில் வரும்வரை ராஜபாளையத்து வேலைக்கு ராஜினாமா எழுத வேண்டாம். வேலை மாறினால் பழைய பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்கவும் வேண்டாம்; வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என். ஒன்றுதான், புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். 10 ஆண்டு சேவை நிறைந்தால்தான் அதில் மாத ஓய்வூதியம் உண்டு.

அடுத்தது உங்கள் மாமியார். இப்போது 19,800 என்பதால் கணவர் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருக்கிறார். அவரைச் சார்ந்திருக்கும் தாய்க்கும் அதில் சிகிச்சை உண்டு. இ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு 21,000. புது வேலையில் 33,000 என்றதும் அந்த அட்டை முடிந்தது. சம்பளம் உயர்ந்ததால் ஒரு பாதுகாப்பு போகிறது என்பதைப் பலர் ஆஸ்பத்திரி வாசலில்தான் அறிகிறார்கள். புதுக் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் பெற்றோர் உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் மனைவி, பிள்ளைகளோடு நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை நோயாளிக்குத் தனியாகக் காப்பீடு எடுத்தால் பிரீமியமும் கூடும், பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. மாமியார் ராஜபாளையத்திலேயே இருந்தால், சர்க்கரை மாத்திரை மட்டுமாவது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும்.

இப்போது மகள். கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவள் அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பை முடிக்கிறாள். தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. கல்லூரி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குத்தான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் உண்டு. அதற்கு 1-ஆம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் உங்கள் மகள் இன்று தகுதியான பாதையில் இருக்கிறாள். ஒரே ஒரு வருடம் மாநிலம் மாறினால் போதும், மூன்றும் போய்விடும். பிறகு திரும்பி வந்தாலும் கிடைக்காது.

சரி, கர்நாடகத்தில் என்ன கிடைக்கும்? அங்கே தொழிற்படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வில் மாநில ஒதுக்கீட்டு இடம் பெற, பொது விதிப்படி 1 முதல் 12 வரையிலான வகுப்புகளில் குறைந்தது 7 ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். 10-ஆம் வகுப்பையோ இரண்டாம் ஆண்டு பி.யு.சி.யையோ (நம் 12-ஆம் வகுப்பு) அங்கேயே தேறியிருக்க வேண்டும். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். 7-ஆம் வகுப்பில் சேர்ந்தால் 7, 8, 9, 10, 11, 12. ஆறுதான். ஒரு வருடத்தில் தவறிப்போகிறாள். போன ஜூனில் போயிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்கும். இந்த ஜூனில் போனால் அங்கேயும் வெளியூர்ப் பிள்ளை, இங்கேயும் சலுகையில்லாத பிள்ளை. தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்டவர் என்ற சான்றிதழோடு இங்கே பொதுவான ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க வழியிருக்கிறது. அது மட்டும் மிஞ்சும். "பிள்ளைகளுக்கு நல்ல வாழ்க்கை" என்று கணவர் அடுத்த முறை கேட்கும்போது இந்தப் பத்தியை அவரிடம் கொடுங்கள். வாய் வராவிட்டால் பரவாயில்லை.

மொழி வேறு இருக்கிறது. கர்நாடகத்தின் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழி. சின்னவனுக்கு அது பொருட்டே இல்லை, தெருவில் விளையாடியே பேசிவிடுவான். பன்னிரண்டு வயதுப் பெண் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். அதோடு தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கும் மாற வேண்டும். இரண்டும் ஒரே ஆண்டில். கெட்டிக்காரப் பிள்ளைகள் சமாளிப்பார்கள். ஆனால் முதல் வருடம் வகுப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள், நீங்கள் அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஓசூரை ஏன் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும். பொம்மசந்திரா பெங்களூரு நகரின் நடுவில் இல்லை. ஓசூர் சாலையில் இருக்கிறது. எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம், தமிழ்நாடு. பொம்மசந்திராவிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். இரண்டு மாநிலப் பேருந்துகளும் ஓடுகின்றன. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோவும் பொம்மசந்திராவில்தான் முடிகிறது, நகருக்குள் எப்போதாவது போவதற்கு அது ஆகும். ஓசூரில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் மகள் படிப்பைத் தொடரலாம், எதுவும் அறுபடாது. ரேஷன் கார்டில் முகவரி மாற்றினால் போதும். ரவிக்கைக்கு அளவு சொல்ல வருகிறவர்கள் தமிழிலேயே சொல்வார்கள்.

ஓசூர் மலிவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வாடகை அங்கும் ஏறிக்கொண்டிருக்கிறது. பணக் கணக்கில் முதல் வருடம் ஓசூரும் கையைக் கடிக்கும். இரவு ஷிப்ட் முடிந்து கணவர் எப்படி வீடு திரும்புவார் என்பதும் கேள்வி; கம்பெனி பஸ் ஓசூர்வரை வருகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். அதனால்தான் முதலில் அவர் மட்டும் போகட்டும் என்கிறேன். ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, மெஸ்ஸில் சாப்பிட்டு, மாதம் 8,000-க்குள் அவர் முடித்துக்கொண்டால், இப்போதைவிட 5,200 ரூபாய் மிஞ்சும். அதைத் தொடாமல் வைத்திருந்தால் ஓசூர் வீட்டுக்கு அட்வான்ஸ் சேர்ந்துவிடும், கடன் வேண்டாம். தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிலைக்கிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். இன்னொன்று: அங்கே போனபின் ஓசூர் சிப்காட்டிலேயே வேலை தேடட்டும். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு தொழிற்சாலைகள் ஏராளம்.

கணவனும் மனைவியும் ஓர் ஆண்டு பிரிந்திருப்பது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. நாக்பூரில் நான் தனியாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளை வெறுத்தேன். துணி துவைத்து முடித்தபின் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. உங்கள் கணவருக்கும் அப்படித்தான் இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் வரட்டும். கோடை விடுமுறையில் நீங்கள் பிள்ளைகளோடு போய்ப் பத்து நாள் இருந்து பாருங்கள். அப்போது சுற்றிப்பார்க்கப் போகாமல் ஓசூரில் வீடு, பள்ளி, தண்ணீர் எப்படி என்று பாருங்கள். பெங்களூருப் பக்கம் வீடு பார்த்தாலும் தண்ணீரைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2024 கோடையில் அங்கே டேங்கருக்குக் காத்திருந்தவர்கள் கதை எல்லோருக்கும் தெரியும்.

மாமியாரை வற்புறுத்தாதீர்கள். அவர் ராஜபாளையத்தில் இருப்பதால்தான் அந்த வீடு வீடாக இருக்கிறது. ரேஷன் கடையில் பொருளும் தடையில்லாமல் வாங்கலாம். "ஒரே நாடு ஒரே ரேஷன்" இருக்கிறதே என்று யாராவது சொன்னால், உங்கள் ஸ்மார்ட் கார்டை எடுத்துப் பாருங்கள். பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்று இருந்தால்தான் வேறு மாநிலத்தில் வாங்க முடியும், அதுவும் மத்திய அரசின் அரிசி, கோதுமை மட்டும். என்.பி.எச்.எச். (முன்னுரிமையற்ற குடும்பம்) என்று இருந்தால் அந்த அட்டைக்குத் தமிழ்நாட்டுக்கு வெளியே மதிப்பில்லை. துவரம்பருப்பும் பாமாயிலும் எந்த அட்டைக்கும் எல்லை தாண்டி வராது.

கேள்வி: நான் ஆதிதிராவிடர் வகுப்பைச் சேர்ந்தவன், பி.காம். முடித்திருக்கிறேன். திருப்பத்தூர் மாவட்டம். அத்தை வீடு கோலார் தங்கவயலில். அங்கே குடியேறிக் கர்நாடக அரசுத் தேர்வு எழுதலாம் என்று இருக்கிறேன். என் சாதி அந்த மாநிலப் பட்டியலிலும் இருக்கிறது. அத்தை பிள்ளைகளுக்கு அங்கே சான்றிதழ் கிடைத்திருக்கிறது. எனக்கும் கிடைக்கும்தானே?
— இளைஞர், திருப்பத்தூர் மாவட்டம்

பதில்: கிடைக்காது தம்பி. பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலவாரியானது. ஒரே பெயர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும், பிழைப்புக்காக இடம் மாறியவர் புது மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது. ஆந்திரத்திலிருந்து மும்பைக்குப் போன ஒரு மாணவரின் மருத்துவக் கல்லூரி வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. 2018-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு மாநில அரசு வேலைகளுக்கும் இதை உறுதிசெய்தது.

உங்கள் அத்தை பிள்ளைகளுக்கு எப்படிக் கிடைத்தது என்றால், அவர்களின் தந்தைவழிக் குடும்பம் 1950-க்கு முன்பே தங்கவயலில் குடியேறியதாக இருக்கும். குடியரசுத் தலைவரின் ஆணை வந்த அந்த ஆண்டில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ அதுதான் கணக்கு. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் 1880-களிலேயே அந்தச் சுரங்கங்களுக்கு ஆட்கள் போனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கர்நாடகம்தான் சொந்த மாநிலம். சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. இன்று அங்குள்ள இளைஞர்கள் விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் ரயிலேறி வேலைக்காகப் பெங்களூரு போய்வருகிறார்கள். தங்கவயலில் குடியேறினால் நீங்களும் அதே ரயிலில்தான் நிற்பீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

உங்கள் தமிழ்நாட்டுச் சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வுகளுக்கு நாடு முழுவதும் செல்லும். ரயில்வே, பொதுத்துறை வங்கி, எஸ்.எஸ்.சி. எதுவாக இருந்தாலும் சரி. வேலை பெங்களூரில் கிடைத்தாலும் சரி. பி.காம். படித்தவருக்கு வங்கித் தேர்வைவிடப் பொருத்தமானது எது? நான் சுயநலத்தில் சொல்கிறேன் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலை மாறிப் புனேயில் இருக்கிறேன். கோவையில் பதிவுசெய்த ஸ்கூட்டரை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன். ஆயுட்கால வரி கட்டியாயிற்று. இங்கே போலீஸார் நிறுத்திக் கேட்கிறார்கள். மறுபடி வரி கட்ட வேண்டுமா?
— வாசகர், புனே

பதில்: ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. முதலில் கோவை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்குங்கள்; வண்டிக் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் ஒப்புதலும் வேண்டும். அங்கே மகாராஷ்டிர வரியைக் கட்டி எண் மாற்றியபின், இங்கே கட்டிய ஆயுட்கால வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். கேட்டவுடன் வந்துவிடாது, விடாமல் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பழைய ஸ்கூட்டர் என்றால் இவ்வளவு அலைச்சலுக்கு அதை ஊரிலேயே விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்கியிருக்கலாம். அடுத்த வண்டி வாங்கும்போது, உங்கள் கம்பெனிக்கு நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் இருந்தால், பாரத் வரிசைப் பதிவு எண் கேளுங்கள். ஊர் மாறினாலும் எண் மாறாது.

கேள்வி: பெங்களூரில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே தமிழில் பேசினால் பிரச்சினை வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். உண்மையா?
— மாணவி, திருச்சி

பதில்: பயம் ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி அங்கே தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. உங்கள் அப்பாவுக்கு அது நினைவிருக்கும். அதே நகரத்தில் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே வாரம் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. சிவாஜி நகரிலும் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழ் தெருவில் புழங்குகிறது. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

போங்கள். போய் முதல் மாதமே கன்னட எண்களையும் காய்கறிப் பெயர்களையும் கற்றுக்கொள்ளுங்கள், பஸ் பலகை படிக்கும் அளவுக்கு எழுத்தும். ஹூப்ளியில் நான் கடைப் பெயர்ப் பலகைகளைப் பார்த்தே எழுத்துக் கூட்டிப் படித்தேன். காசாளர் முகப்பில் ஒரு விவசாயியிடம் தப்பும் தவறுமாகக் கன்னடம் பேசினால் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே. பத்து வருடம் அங்கே இருந்துவிட்டு "எனக்குக் கன்னடமே தெரியாது" என்று பெருமையாகச் சொல்லும் நம்மவர்களைக் கண்டால் எனக்கே எரிச்சல் வருகிறது. அவர்களுக்கு வராதா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வயது 68. கும்பகோணத்தில் சொந்த வீடு. ஒரே மகன் குருகிராமில் இருக்கிறான். இந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தை அவன் வாங்கும் ஃப்ளாட்டுக்குக் கொடுத்துவிட்டு, நாங்கள் இருவரும் அவனோடு வந்துவிட வேண்டும் என்கிறான். நல்ல பையன். மனைவிக்குப் பேரனைப் பார்க்க ஆசை. என்ன செய்யலாம்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: போங்கள் ஐயா. வீட்டை விற்காதீர்கள்.

மகன் நல்லவன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜனவரிக் குளிரிலும் நவம்பர் மாதப் புகையிலும் நீங்கள் இருந்து பார்க்கவில்லை. பன்னிரண்டாவது மாடியில், காலையில் செய்தித்தாள் வாங்க இறங்கினால் பேசுவதற்கு ஆள் இல்லாமல், இந்தியில் வாட்ச்மேனிடம் மட்டும் தலையசைத்துவிட்டு ஏறி வருவது எப்படி இருக்கும் என்பதும் உங்களுக்கு இன்னும் தெரியாது. கும்பகோணத்தில் கடைத்தெருவுக்குப் போனால் பாதிப் பேர் உங்கள் மாணவர்களாக இருப்பார்கள். அக்டோபரில் போய் ஏப்ரலில் திரும்புங்கள். புகையையும் குளிரையும் ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தீர்மானியுங்கள். ஓய்வூதியம் எங்கும் ஓடிவிடாது. ஆண்டுதோறும் தரவேண்டிய உயிர்வாழ் சான்றை ஆதார் வழியாக ஜீவன் பிரமாண் மூலம் அங்கிருந்தே கொடுக்கலாம்.

பணம் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன், வங்கியில் இருந்தவள் என்பதால். பார்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் மீட்பதற்கு 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. வீட்டை விற்று மகன் பெயரில் உள்ள ஃப்ளாட்டில் கரைத்துவிட்ட பணத்தை எந்தப் பத்திரத்தைக் காட்டிக் கேட்பீர்கள்? மகனுக்கு உதவ வேண்டுமானால் கையிருப்பிலிருந்து முடிந்ததைக் கொடுங்கள். விற்றே ஆக வேண்டுமென்றால் அந்த ஃப்ளாட்டின் பத்திரத்தில் உங்கள் இருவர் பெயரும் இருக்கட்டும். இதைச் சொல்லும்போது மகன் முகம் சுளித்தால், அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய தகவல்தான்.

கேள்வி: ஐந்து வருடமாக ஐதராபாத்தில் வேலை, குடும்பமும் இங்கேதான். தென்காசியில் சொந்த வீடு இருப்பதால் வாக்காளர் பட்டியலில் பெயர் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். சரிதானே?
— வாசகர், ஐதராபாத்

பதில்: சரியில்லை. வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒன்றைக் கொண்டு மட்டும் ஒருவரை அந்தத் தொகுதியில் வழக்கமாக வசிப்பவராகக் கருத முடியாது என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. சில மாதம் வெளியூர் போய்வந்தால் பெயரை நீக்க மாட்டார்கள். நீங்கள் குடும்பத்தோடு ஐந்து வருடம் அங்கே இருக்கிறீர்கள். படிவம் 8-ஐ நிரப்பி ஐதராபாத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம், கூடாது.